அறுவது எந்தப் பிணைப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களிலும் மாணவர் இணைப்புகளிலும் திடப்பொருள்களைப் பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம் ஒரு விளக்கம் தவறாமல் இடம்பெறுகிறது. “இதன் பிணைப்பு வலுவானது, ஆகவே உருகுநிலை அதிகம், அதன் பிணைப்பு வலுவற்றது, ஆகவே சீக்கிரம் உருகிவிடும்.” படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் எந்தப் பிணைப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் விட்டால் இது பிழையான பாடமாகிவிடுகிறது. இதை மனப்பாடம் செய்த மாணவர்தான், தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து போகின்றன என்று விடைத்தாளில் எழுதுகிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த விதியை அவர் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார், விதிதான் கோணல். இந்த ஒரு விஷயத்தைத் திருத்தி எழுத உங்கள் பக்கத்தில் கொஞ்சம் தாராளமாக இடம் கேட்கிறேன்.

கார்பன் டைஆக்சைடையும் மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனிம அட்டவணையில் கார்பனும் சிலிக்கானும் ஒரே தொகுதி, மேலும் கீழுமாக இருப்பவை. இரண்டும் ஆக்சிஜனோடு ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில்தான் சேர்கின்றன. கார்பன் டைஆக்சைடில் கார்பன், ஆக்சிஜன் இடையிலான இரட்டைப் பிணைப்பு ஒன்றை அறுக்க மோலுக்கு (அணு, மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) ஏறத்தாழ 800 கிலோ ஜூல் வேண்டும். மணலில் சிலிக்கான், ஆக்சிஜன் இடையிலான ஒற்றைப் பிணைப்புக்குச் சுமார் 450 கிலோ ஜூல் போதும். அப்படியென்றால், மேலே சொன்ன விதிப்படி கார்பன் டைஆக்சைடு அல்லவா அதிகச் சூட்டில் உருக வேண்டும்? நடப்பது நேர்மாறு. உலர் பனிக்கட்டி எனப்படும் திட கார்பன் டைஆக்சைடு மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில், திரவமாகக்கூட மாறாமல், நேரே வாயுவாகப் போய்விடுகிறது. மணல் உருகச் சுமார் 1,700 டிகிரி வேண்டும்.

காரணம் இதுதான். உலர் பனிக்கட்டி ஆவியாகும்போது கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையில் உள்ள ஒரு பிணைப்புகூட அறுவதில்லை. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் இடையிலுள்ள மெல்லிய ஈர்ப்பு மட்டுமே விடுபடுகிறது. அதற்கு மோலுக்குச் சுமார் 25 கிலோ ஜூல் போதும். மணலில் தனி மூலக்கூறு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனோடும், ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கானோடும் பின்னி, மணல் துகள் முழுவதும் ஒரே வலையாக இருக்கிறது. அதை ஓட வைக்க வேண்டுமென்றால் அந்த வலையின் கண்ணிகளையே அறுக்க வேண்டும். கார்பன் சிறிய அணு. ஆக்சிஜனோடு நெருங்கி நல்ல இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொண்டு, மூன்றே அணுக்களோடு கதவைச் சாத்திக்கொள்கிறது. சிலிக்கான் பெரிய அணு. அதன் எலக்ட்ரான் மண்டலம் ஆக்சிஜனுடையதோடு பக்கவாட்டில் சரியாக மேற்பொருந்துவதில்லை. ஆகவே இரட்டைப் பிணைப்புகளை விட, நாலு திசையிலும் நாலு ஒற்றைப் பிணைப்புகள்தான் அதற்கு ஆதாயம்.

ஆகவே எந்தத் திடப்பொருளைப் பற்றி எழுதினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நாம் அதைச் சூடாக்கும்போது, வளைக்கும்போது, கீறும்போது, கரைக்கும்போது அறுவது எந்தப் பிணைப்பு?

தண்ணீரையும் இப்படிக் கேட்டால் விடை தெளிவாகிவிடும். ஆக்சிஜன், ஹைட்ரஜன் இடையிலான பிணைப்பு மோலுக்கு 463 கிலோ ஜூல். ஒரு நீர் மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்பு ஏறக்குறைய 20. பனிக்கட்டியை உருக்க வேண்டியதோ வெறும் 6 கிலோ ஜூல். இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதினாலே, உருகும்போது ஹைட்ரஜன் பிணைப்புகளிலும் ஒரு சிறு பங்குதான் விடுபடுகிறது என்பது புலப்படும். மிச்சம் திரவத்திலும் அறுந்து அறுந்து மறுபடி சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்புக்குத் திசை உண்டு என்பதும் முக்கியம். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கே அண்டை மூலக்கூறுகளை, குறிப்பிட்ட கோணங்களில் பிடித்துக்கொள்கிறது. நடுவில் வெற்றிடம் விழுகிறது. பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பது இந்தத் திசைக் கட்டுப்பாட்டால்தான்; அதன் அடர்த்தி 0.917. ஆக்சிஜனுக்குப் பதில் அதற்குக் கீழே உள்ள கந்தகத்தை வைத்தால், ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

அடுத்து உப்பு. “சோடியம் குளோரைடு மூலக்கூறு” என்ற சொல் இன்றும் அச்சில் வருகிறது. திட உப்பில் அப்படி ஒன்று இல்லை என்பது 1913இல், இயற்பியலாளர் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகத்தின் அமைப்பைக் கண்டறிந்தபோதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சோடியம் அயனியை (மின்னூட்டம் பெற்ற அணுவை) சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். எது யாருக்குச் சொந்தம் என்று சொல்லவே முடியாது. இதை ஏற்க அக்காலத்துப் பெரிய வேதியியலாளர்களுக்கே கடினமாக இருந்தது. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1927இல் நேச்சர் இதழின் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில், சாதாரண உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்று கடுமையாக எதிர்த்தார். அவருக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். மூலக்கூறு என்ற கருத்தோடே வாழ்ந்தவர். அவர் தடுமாறியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. நூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் அதே இடத்தில் தடுமாறுவது சரியில்லை. உப்பை ஆவியாக்கினால் ஒரு சோடியம், ஒரு குளோரின் கொண்ட மூலக்கூறு உண்மையிலேயே கிடைக்கிறது. அதில் இரண்டுக்கும் இடைவெளி 2.36 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). படிகத்தில் அது 2.82. ஒரே கையைப் பிடிப்பதற்கும் ஆறு பேர் கையைப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

அயனித் திடப்பொருளில் எதைப் பார்க்க வேண்டும்? மின்னூட்டத்தையும் இடைவெளியையும். உப்பும் மக்னீசியம் ஆக்சைடும் ஒரே அமைப்பில் அடுக்கப்பட்டவை. உப்பில் ஒன்றுக்கு ஒன்று மின்னூட்டம். மக்னீசியம் ஆக்சைடில் இரண்டுக்கு இரண்டு, பெருக்கினால் நான்கு. இடைவெளியும் 2.82இலிருந்து 2.1 ஆங்ஸ்ட்ராமாகக் குறைகிறது. படிகத்தைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்க உப்புக்கு மோலுக்கு 787 கிலோ ஜூல், மக்னீசியம் ஆக்சைடுக்குச் சுமார் 3,800. உருகுநிலை 801 டிகிரிக்கு எதிரே ஏறத்தாழ 2,850. உருக்கு உலைகளின் உட்சுவருக்கு மக்னீசியா செங்கல் வைப்பதும், குழாய் வடிவ மின்சூடேற்றிகளில் நைக்ரோம் சுருளுக்கும் வெளி உறைக்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடுத் தூளை இறுக அடைப்பதும் இதனால்தான். எலக்ட்ரான்கள் அயனிகளிடம் கட்டுண்டிருப்பதால் மின்சாரம் போகாது. அயனிகள் இலேசானவை, இறுகப் பிடித்திருப்பவை என்பதால் அதிர்வாக வெப்பம் நன்றாகப் போகும். ஆனால் இதே ஆக்சைடு அயனிக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். சூடேற்றியின் முனையில் உள்ள அடைப்பு விரிசல் விட்டால் ஈரம் உள்ளே ஏறும், மின்காப்பு விழும், கசிவு மின்னோட்டத்துக்கான பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும். சுருள் நன்றாக இருந்தும் “சூடேற்றி போய்விட்டது” என்று தூக்கி எறிவார்கள். கழற்றி, 100 டிகிரிக்கு மேல் அடுப்பில் சில மணி நேரம் உலர்த்தி, முனைகளை மறுபடி அடைத்து, மின்காப்புத் தடையை அளந்து பார்த்துவிட்டு முடிவுசெய்வதே முறை.

அலுமினியத்தின் கதையும் இந்த வழியில்தான் புரியும். அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, 2,072 டிகிரியில் உருகுவது. அதை உருக்கி மின்னாற்பகுப்பு செய்வது, அதாவது மின்சாரத்தால் பிரிப்பது, கட்டுப்படியாகாது. 1886இல் ஹாலும் ஹெரோல்ட்டும் தனித்தனியே கண்டுபிடித்த வழி, அதைக் கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கி அதில் கரைப்பது. சுமார் 960 டிகிரியில் வேலை முடிகிறது. சரி, அலுமினியம் குளோரைடு 190 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகுமே, அதையே பயன்படுத்தலாமே என்று கேட்கும் மாணவர் நல்ல மாணவர். விடையில்தான் பாடம் இருக்கிறது: அலுமினியம் குளோரைடு உருகும்போது அயனிகளாகப் பிரிவதில்லை. இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் சேர்ந்த மூலக்கூறுகளாக மாறிவிடுகிறது. அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை எனலாம். அலுமினியம் ஃபுளோரைடோ 1,200 டிகிரியைத் தாண்டியும் திடமாக நிற்கிறது. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது. சிறிய, அதிக மின்னூட்டமுள்ள நேர் அயனி, பெரிய எதிர் அயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துச் சிதைத்தால், பிணைப்பு, எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பின் பக்கம் சாய்கிறது.

“அயனித் திடப்பொருள் மின்சாரம் கடத்தாது” என்பதற்கும் விலக்கு உண்டு. சில்வர் அயோடைடு 147 டிகிரிக்கு மேல், திடமாக இருக்கும்போதே, வெள்ளி அயனிகளை ஓடவிடுகிறது. சிர்கோனியாவில் (சிர்கோனியம் ஆக்சைடில்) கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்தால், நான்கு மின்னூட்ட அயனி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மின்னூட்ட அயனி வந்து உட்காருகிறது. கணக்குச் சரிக்கட்ட ஆக்சிஜன் இடங்கள் சில காலியாகின்றன. சூட்டில் ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலி இடங்களில் தாவித் தாவி நகரும். வாகனப் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி இப்படித்தான் வேலை செய்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது சரியான அளவு காட்டாததும் இதனால்தான்.

இனி நொறுங்குவதும் வளைவதும். உப்புப் படிகத்தைத் தட்டினால் ஒரு அடுக்கு ஓர் இடம் நகர்ந்து, நேர் அயனி எதிரே நேர் அயனி வந்து, ஒன்றையொன்று தள்ளி, படிகம் பிளக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவார்கள். படம் தப்பில்லை, ஆனால் அது பாதிதான். கனசதுரத்தின் முகத்துக்கு மூலைவிட்டமான திசையில் பார்த்தால், ஒரு வரிசை முழுவதும் சோடியம், அடுத்த வரிசை முழுவதும் குளோரைடு. அந்தத் திசையில் நகர்ந்தால் ஒரே மின்னூட்டங்கள் நேருக்கு நேர் மோத வேண்டியதில்லை. தனிப் படிகமான உப்பைப் பக்குவமாக, அதிலும் வெந்நீரில் வைத்து, வளைக்கக்கூட முடியும். நிலத்தடியில் புதைந்த உப்புப் படுகைகள் காலப்போக்கில் கூழ்போல வழிந்து மேலெழுவதும் உண்மை. பின் ஏன் உப்புக்கட்டி நொறுங்குகிறது? கட்டி என்பது பல திசைகளில் திரும்பிய சிறு படிகங்களின் கூட்டம். பக்கத்துப் படிகத்தோடு விரிசல் விடாமல் எந்த வடிவத்துக்கும் மாற, ஒன்றைச் சாராத ஐந்து வகை நகர்வுகள் வேண்டும். உப்புக்குச் சாதாரண வெப்பநிலையில் இரண்டுதான் இருக்கின்றன. செம்பு, அலுமினியம் போன்றவற்றுக்கு ஐந்தும் இருக்கின்றன. வேறுபாடு இங்கேதான்.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் பொதுவில் இருக்கின்றன. அணு ஒரு இடம் நகர்ந்தாலும் பிணைப்பு அறுந்தது தெரியாது. இதைச் சொல்லி நிறுத்தினாலும் கணக்கு உதைக்கும். ஒரு அடுக்கு முழுவதையும் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டிய விசையைக் கணக்கிட்டால், உண்மையில் தூய உலோகத்தை வளைக்கத் தேவைப்படுவதைப் போல ஆயிரம் மடங்கு வருகிறது. இந்தப் புதிருக்கு 1934இல் டெய்லர், ஒரோவான், போலன்யி என்ற அறிவியலாளர்கள் மூவரும் தனித்தனியே விடை சொன்னார்கள். அடுக்கு மொத்தமாக நகர்வதில்லை. அணு வரிசை ஒன்று படிகத்தின் பாதியில் நின்றுபோன இடம் ஒன்று இருக்கும். அந்தக் குறைதான் வரிசை வரிசையாக நகர்ந்து போகிறது. பெரிய கம்பளத்தை முழுசாக இழுக்காமல், ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி அதை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போவது போல. அந்த மடிப்புக்கு முட்டுக்கட்டை போட்டால் உலோகம் கடினமாகும், அதிகமாகப் போட்டால் நொறுங்கும்.

பள்ளியில் இதைக் காட்ட ஒரு தையல் ஊசி போதும். பட்டறைக் கண்ணாடி அணிந்து, இடுக்கியால் பிடித்து, செக்கச்சிவக்கச் சுடவைத்து, தீயிலிருந்து மெதுவாக விலக்கி ஆறவிடுங்கள்: சாதாரணக் கம்பிபோல வளையும். மறுபடி சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் அமிழ்த்துங்கள்: வளைத்தால் பட்டென்று ஒடியும். அப்படி ஒடியாமல் வளைந்தால், ஊசி தண்ணீருக்குப் போகும் வழியிலேயே ஆறிவிட்டது என்று பொருள். மெல்லிய ஊசி ஓரிரு நொடியில் கறுத்துவிடும். தண்ணீர்ப் பாத்திரம் தீக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். மூன்றாவதாக, நீரில் அமிழ்த்திய இன்னொரு ஊசியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, நீலநிறம் ஏறும்வரை, அதாவது 300 டிகிரி வாக்கில், இளஞ்சூடு காட்டி எடுத்தால் வில்போல வளைந்து திரும்பும். மூன்று ஊசியிலும் அதே இரும்பு, அதே கார்பன். மாறியது, கார்பன் எங்கே சிக்கியிருக்கிறது, மடிப்பு நகர வழி இருக்கிறதா என்பது மட்டுமே. பிணைப்பின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு ஒரு பொருளின் வலிமையைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட மலிவான சான்று கிடையாது.

உலோகப் பிணைப்பு “வலுவானது” என்ற பொதுக்கூற்றையும் விட்டுவிடலாம். பாதரசம் மைனஸ் 39 டிகிரியில் உருகுகிறது, சோடியம் 98இல், டங்ஸ்டன் 3,422இல். சோடியம் அணு பொதுவில் போடுவது ஒரே எலக்ட்ரான். டங்ஸ்டனில் உள் அடுக்கு எலக்ட்ரான்களும் பிணைப்பில் கைகொடுக்கின்றன.

வைரத்தைப் பற்றி இல்லாத கட்டுரையே இல்லை என்பதால், அதில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைச் சொல்லியாக வேண்டும். வைரம் கடினமானது, ஆனால் உடையாதது அல்ல. கீறுவதை எதிர்ப்பது வேறு, அடியைத் தாங்குவது வேறு. ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பனோடு, 1.54 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில், 109.5 டிகிரிக் கோணத்தில் பூட்டியிருக்கிறது. கோணம் மாற இடம் கொடுக்காத பிணைப்பு என்பதால் உலோகத்தைப் போல வழுக்கி விட்டுக்கொடுக்க முடியாது. எண்முகியின் (எட்டு முகம் கொண்ட படிக வடிவத்தின்) முகத்துக்கு இணையான தளங்களில், ஓர் அலகுப் பரப்புக்கு அறுக்க வேண்டிய பிணைப்புகள் குறைவு. அந்தத் தளத்தில் ஒரு அடி சரியாக விழுந்தால் வைரம் இரண்டாகும். சுத்தியலால் அடித்து “உண்மை வைரமா” என்று பார்க்கச் சொல்லும் குறிப்பை யாரும் பின்பற்றிவிடக் கூடாது.

இரண்டாவது பிழை, “மின்சாரத்தைக் கடத்துவதுதான் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும்” என்பது. தூய வைரம் மின்காப்பி. ஆனாலும் வெப்பத்தைச் செம்பைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கடத்துகிறது. இலேசான அணு, விறைப்பான பிணைப்பு. ஒரு முனையில் அதிர்வு எழுந்தால் மறு முனைக்கு உடனே போய்ச்சேர்கிறது. மூன்றாவது, “வைரம் எதையும் அறுக்கும்” என்பது. எஃகை வேகமாகக் கடைய வைர முனை வைத்தால் முனைதான் தேயும். சூட்டில் இரும்பு கார்பனைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. அங்கே கனசதுர போரான் நைட்ரைடு முனை போடுவதுதான் வழக்கம். வைரத்தின் அதே அமைப்பு, அதற்கு அடுத்த கடினம், இரும்போடு ஒட்டுறவு இல்லை.

கிராஃபைட்டில் அடுக்குக்குள் கார்பன்களின் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம், வைரத்தைவிட நெருக்கம், பிணைப்பும் அதைவிட வலு. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே 3.35. வைரத்தைவிட வலுவான பிணைப்பு உள்ள பொருள், விரல் நகத்தால் கீறினால் வருகிறது! அறுவது எந்தப் பிணைப்பு என்று கேட்காமல் இதற்கு விளக்கமே கிடையாது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் கிராஃபைட் உயவுப்பொருள் என்று எழுதுவதிலும் ஒரு திருத்தம் வேண்டும். 1940களில் உயரப் பறக்கும் விமானங்களில் மின்பொறிகளின் கார்பன் தூரிகைகள் வெகு சீக்கிரம் பொடியாகின. அங்கே காற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதே காரணம். கிராஃபைட் வழுக்க, அதன் ஓரங்களில் அரைகுறையாக நிற்கும் பிணைப்புகளை நீராவி போன்றவை மூடிக்கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஓரம் ஓரத்தைப் பிடித்து இழுக்கும். வெற்றிடத்தில் இயங்கும் கருவிக்கு மாலிப்டினம் டைசல்பைடுதான் சரி. அதில் அடுக்கின் இரு முகமும் கந்தகத்தால் மூடப்பட்டிருப்பதால் ஈரத்தின் உதவி வேண்டாம். சொல்லப்போனால் ஈரம் அதற்குக் கெடுதல்.

ஒரே தனிமத்தில் பிணைப்பின் வகையே மாறுவதைக் காண வெள்ளீயம் போதும். 13.2 டிகிரிக்கு மேல் நிலைத்திருப்பது வெள்ளை வடிவம். உலோகம், தகடாகும், அடர்த்தி 7.3. அதற்குக் கீழே நிலைத்திருப்பது சாம்பல் வடிவம். வைரத்தின் அமைப்பு, நொறுங்கும், அடர்த்தி 5.8. மாற்றத்தில் கன அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெருகுவதால் பொருள் கொப்புளித்துப் பொடியாகிறது. 13 டிகிரிக்குச் சற்றுக் கீழே இது மிக மெதுவாகத்தான் நடக்கும். மைனஸ் 30 டிகிரிவாக்கில் வேகம் கூடும். பிஸ்மத் அல்லது ஆன்டிமனி சிறிதளவு கலந்தால் தடுத்துவிடலாம். கடுங்குளிரில் இயங்கும் மின்னணுக் கருவிகளில் தூய வெள்ளீயப் பற்றாசைத் தவிர்ப்பது இதனால்தான்.

உருகாமலே கருகும் பொருள்கள் என் கேள்விக்கு இன்னும் நல்ல சான்று. நைலான் துணி சூட்டில் உருகும், பருத்தித் துணி கருகும். நைலான் 66 சுமார் 265 டிகிரியில் உருகுகிறது. சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுக்கொடுத்தால் போதும், சங்கிலி அறுவதில்லை. பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலி நெடுக ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதிகள். அத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகளையும் விடுவிக்கத் தேவையான சூடு வருவதற்குள் சங்கிலியின் சகப்பிணைப்புகளே அறுந்துவிடுகின்றன. பேக்கலைட் என்ற பிளாஸ்டிக் உருகாததற்குக் காரணம் வேறு: அங்கே சங்கிலிகளே சகப்பிணைப்பால் குறுக்கே தைக்கப்பட்டு ஒரே வலையாகிவிட்டன. ரப்பரில் இந்தத் தையலின் அளவை நாமே முடிவுசெய்கிறோம். நூறு பங்கு ரப்பருக்கு ஓரிரண்டு பங்கு கந்தகம் என்றால் இழுபடும் ரப்பர். முப்பது பங்குக்கு மேல் போனால் கடைந்து இழைக்கக்கூடிய கெட்டியான, கருங்காலி மரம் போன்ற எபோனைட்.

கண்ணாடியில் நடப்பது இதன் எதிர்வழி. சிலிக்கா வலையில் சோடா சேர்த்தால், ஆக்சிஜன் பாலங்கள் அறுந்து வலை தளர்கிறது. இளகும் சூடு 1,600 டிகிரிக்கு மேலிருந்து 700 வாக்கிற்கு இறங்குகிறது. சோடா மட்டும் சேர்த்தால் தண்ணீரில் கரையும் கண்ணாடி வரும் என்பதால் சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள்.

ஆசிரியர்களுக்காக ஒரு சோதனையையும், அது எங்கே தவறிப்போகும் என்பதையும் எழுதிவிடுகிறேன். சமையல் உப்பு, சர்க்கரை, மெழுகு, வெள்ளை மணல் ஆகிய நான்கையும் பெயர் சொல்லாமல் கொடுத்து, எது எந்த வகைத் திடப்பொருள் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். 9 வோல்ட் மின்கலம், சிவப்பு எல்இடி, அதோடு தொடரில் 470 ஓம் தடை, மின்முனைகளாக இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள். 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் பொருள்.

இதில் தவறாமல் நேரும் பிழைகள் நான்கு. 3 வோல்ட் மின்கலத்தை வைத்தால் உப்புக்கரைசலிலும் விளக்கு எரியாது. எல்இடிக்கே 2 வோல்ட் வேண்டும், மின்முனைகளில் வாயு வெளிவர இன்னும் 2 வோல்ட் வேண்டும். மாணவர் “உப்புக்கரைசல் கடத்தாது” என்று குறித்துக்கொள்வார். குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் சர்க்கரைக் கரைசலிலும் விளக்கு மங்கலாக எரியும்; ஆகவே வெறும் நீரை முதலில் சோதித்துவிட வேண்டும். திட உப்பு நமத்திருந்தால் மேற்பரப்பு ஈரமே மின்சாரத்தைக் கடத்திவிடும்; 110 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, மூடி ஆறவைத்துப் பிறகு சோதியுங்கள். பென்சிலுக்குப் பதில் செம்புக் கம்பி வைத்தால் கம்பியே கரைந்து கரைசல் பச்சைநீலமாகும். சோதனையைச் சில நொடிகளுக்கு மேல் நீட்ட வேண்டாம், குளோரின் வரும். அறைக்குக் காற்றோட்டம் வேண்டும்.

சூடேற்றும் பகுதிக்கு இரும்புக் கரண்டியில் கால் கிராம் போதும். மெழுகு 60 டிகிரி வாக்கில் உருகும். சர்க்கரை உருகுவது போலத் தொடங்கி, உடனே பழுப்பாகிக் கருகும். அதன் மூலக்கூறு ஒன்றில் எட்டு ஹைட்ராக்சில், செல்லுலோஸுக்கு நேர்வதுதான் இதற்கும். உப்பு உருகாமல் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். படிகத்துக்குள் சிக்கிய உப்புநீர் ஆவியாவதால் வரும் சத்தம் அது, பிணைப்பு அறுவது அல்ல. கண்ணாடி அணியாமல் குனிந்து பார்க்க விடாதீர்கள். மணல் ஒன்றும் செய்யாது. சாராய விளக்கில் 801 டிகிரி எட்டாது என்பதால் உருகிய உப்பின் மின்கடத்தலைக் காட்ட முடியாது. அதற்காகக் காரீய புரோமைடை உருக்கும் பழைய முறைக்குப் போக வேண்டாம், அதன் ஆவி நச்சு. பொட்டாசியம் நைட்ரேட் 334 டிகிரியில் உருகும் என்று அதில் பென்சில் முனைகளை வைக்கவே கூடாது. உருகிய நைட்ரேட்டும் கார்பனும் சேர்ந்தால் சீறிப் பற்றிக்கொள்ளும்.

உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. திடப்பொருள்களின் அட்டவணை வெளியிடும்போது “பிணைப்பு”, “உருகுநிலை” என்ற இரண்டு பத்திகளுக்கு நடுவில் “உருகும்போது அறுவது” என்று ஒரு பத்தி சேருங்கள். உலர் பனிக்கட்டிக்கு நேராக “மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு” என்றும், மணலுக்கு நேராக “சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பு” என்றும், சர்க்கரைக்கு நேராக “உருகுமுன் சிதைகிறது” என்றும் வரட்டும். உப்புக்கு எதிரே “மூலக்கூறு” என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்